பெரட்டில் ஒரு பெயர்

இங்கே காற்றைத் திறப்பதற்கு முன் ஆட்களின் பெயரைக் கூப்பிடுகிறார்கள். படிக்கும்போது உங்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கும் முதலில் அப்படித்தான் வந்தது. இலங்கையில், மாத்தளைக்கு வடக்கே நாவுலையைத் தாண்டி, மலைக்குள் தண்ணீருக்காகச் சுரங்கம் வெட்டும் இடத்தில் எங்கள் வேலை. காலையில் கம்பிரஸர் முழு அழுத்தத்துக்கு வந்து நின்றாலும், பெரிய வால்வைப் பிடித்துக்கொண்டிருக்கும் பியதாச அதைத் திருக மாட்டார். எங்கள் ஆள் ஒருவர் குழாய் வரிசையின் தலைமாட்டில் நின்று ஒவ்வொரு பெயராகச் சத்தம் போட்டுக் கூப்பிடுவார். சுரங்கத்துக்குள்ளிருந்தும், பக்கத்துப் பள்ளத்திலிருந்தும், ஹைட்ராலிக் ஜாக்கிகள் நிற்கும் கொட்டகையிலிருந்தும் "இருக்கேன்", "இருக்கேன்" என்று பதில் வரும். கடைசிப் பெயருக்கும் பதில் வந்த பிறகுதான் வால்வு திறக்கும், காற்று குழாய்க்குள் பாயும், பாறையைத் துளைக்கும் மெஷின்கள் ஓடத் தொடங்கும். ஒரு பெயருக்குப் பதில் வராவிட்டால் அத்தனை பேரும் காத்திருக்க வேண்டியதுதான்.

இதற்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் பெரட்டு. தேயிலைத் தோட்டங்களில் விடிந்தும் விடியாமலும் தொழிலாளர்களை ஓரிடத்தில் நிறுத்தி, பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவதைத்தான் அப்படிச் சொல்வார்கள். அதைச் சுரங்க வாசலுக்குக் கொண்டுவந்தவர் என் குழுவில் ஃபிட்டராக இருந்த பெருமாள். சரியாக இறுக்காத ஒரு ஹோஸ் காற்று ஏறியதும் துள்ளி எழுந்தால், கிட்டே நிற்பவன் முகம் முகமாக இருக்காது. அதனால் யார் எங்கே நிற்கிறார் என்று தெரியாமல் திறக்கக் கூடாது என்பது அவருடைய சட்டம். எல்லாரையும் கூப்பிட்டு முடித்துக் கடைசியில் "பெருமாள்!" என்று தன் பெயரையும் தானே கூப்பிடுவார். பிறகு குரலை மாற்றி "இருக்கேன்" என்று தானே பதில் சொல்வார். தினமும் அதே வேடிக்கைதான், தினமும் எல்லாரும் சிரிப்பார்கள்.

நான் கோயம்புத்தூர்க்காரன். சிங்காநல்லூரில் பிறந்து, பக்கத்திலேயே படித்து, பக்கத்திலேயே வேலைக்குச் சேர்ந்தவன். எங்கள் கம்பெனி இந்தச் சுரங்க வேலைக்குக் கம்பிரஸர்களையும் ஜாக்கிகளையும் விற்றது. அவற்றைப் பராமரிக்க ஒரு சிறு குழுவை நடத்து என்று சாமான்களோடு சேர்த்து என்னையும் கப்பலேற்றிவிட்டது. எங்கள் தொழிற்சாலையில் மணி அடிப்பார்கள், வால்வைத் திறப்பார்கள், அவ்வளவுதான். மணி அடித்தும் குழாயில் கை வைத்திருந்தவன் பாடு அவன் பாடு. வந்த புதிதில் "இதென்ன பள்ளிக்கூடமா, அட்டெண்டன்ஸ் எடுக்க?" என்று கேட்டு, ஒரு பழைய தண்டவாளத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டு, நானே சம்மட்டியால் ஓங்கி அடித்தேன். மலையில் எதிரொலித்தது. பியதாச வில்கமுவப் பக்கத்துச் சிங்கள விவசாயக் குடும்பத்துப் பிள்ளை, வாய் திறந்து அதிகம் பேசமாட்டார். அவர் வால்விலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்து "நம கியன்ன" என்றார். பெயரைச் சொல்லச் சொல்கிறார் என்று பெருமாள் எனக்குச் சொல்லித்தந்தார். அதற்குப் பிறகு அந்தத் தண்டவாளத் துண்டில் ஈரத் துணி காயப்போட்டோம்.

ஆனால் அதற்கும் முன்னால், வந்து இறங்கிய அன்றைக்கே, நான் ஒரு பெரிய தப்புச் செய்துவிட்டேன். நம் பக்கத்தில் இரண்டு தமிழர் சந்தித்தால் முதலில் என்ன கேட்போம்? "சொந்த ஊர் எதுங்க?" ரயிலில் கேட்போம், கல்யாணப் பந்தியில் கேட்போம், பல் பிடுங்க வந்தவனிடம்கூடக் கேட்போம். நான் அதைத்தான் கேட்டேன். கம்பிரஸர் ஓட்டும் ஜுனைதீன் நானா (அண்ணனை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்) என்னைவிட மூத்தவர், மாத்தளைக்காரர். "நாங்க கொங்காவெல, சேர். பள்ளிவாசலுக்குக் கிட்ட" என்று உடனே சொன்னார். பெருமாள் மட்டும் பழந்துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கையில் கறையே இல்லாமல் போன பிறகும் துடைத்தார்.

"தாத்தா முசிறிப் பக்கம்னு சொல்லுவாருங்க ஐயா. நான் பொறந்ததெல்லாம் இங்கதான், ரத்தோட்டைக்கு மேல. எங்கள எப்ப ஐயா அனுப்புவீங்க?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "நான் யாருங்க உங்களை அனுப்ப? எங்கே அனுப்ப?" என்று சிரித்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. ஜுனைதீன் நானா என்னைக் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். "அந்தக் கேள்விய தோட்டத்து ஆக்கள்ட்ட கேக்காதீங்க சேர். ஆபீஸ்ல இருந்து வாறவங்க மொதல்ல கேக்கிறது அதத்தான். பொறகுதான் கப்பல்" என்றார். அப்போதுதான் உறைத்தது. தோட்டத் தமிழர்களில் இத்தனை பேர் இங்கே இருக்கட்டும், இத்தனை பேர் இந்தியாவுக்குப் போகட்டும் என்று இரண்டு அரசாங்கங்களும் பேசி முடித்த செய்தியை நான் கோயம்புத்தூரில் பேப்பரில் படித்திருக்கிறேன். படித்துவிட்டு அந்தப் பேப்பரிலேயே வடையும் மடித்துத் தின்றிருப்பேன். அன்றைக்கு எனக்கு வந்த வெட்கம்தான் முதல் வெட்கம்; பின்னால் வந்தவற்றோடு பார்த்தால் அது ஒன்றுமேயில்லை.

பெருமாள் பெரிய மேதை ஒன்றுமில்லை. நட்டை வேண்டியதற்கு மேல் இறுக்குவார். நான் திட்டினால், "கழண்டா நீங்கதான சேர் கேப்பீங்க" என்று திருப்பிக் கேட்பார். ஆனால் அவர் இருந்தால் வேலை களைப்பில்லாமல் ஓடும். வெளிநாட்டுச் சாமான் இறக்குமதி அநேகமாக நின்றுபோயிருந்த காலம். ஜாக்கியில் ஒரு ரப்பர் வளையம் தேய்ந்து எண்ணெய் கசிந்தால், ஊரிலே நான் ஸ்டோருக்கு ஆளனுப்பி அடுத்த நிமிடம் வாங்கிவிடுவேன். இங்கே லாரி டியூபை வெட்டி, தோலை எண்ணெயில் ஊறப்போட்டு, நாலு பேரும் உட்கார்ந்து செய்து பார்ப்போம். பாதி கெட்டுப்போகும். சீனி கிடைக்காத நாட்களில் உள்ளங்கையில் ஒரு துண்டு கித்துள் கருப்பட்டியை வைத்துக் கடித்துக்கொண்டு வெறும் தேத்தண்ணி குடிப்போம். ஒரு நாள் நான் கடப்பாரை கேட்க, ஆளுக்கு ஒரு பக்கம் தேடிவிட்டு முழித்தார்கள். "அடேய், சேரு அலவாங்கத்தான் கேக்குறாரு!" என்று பெருமாள் கத்தியதும் கொட்டகையே சிரித்தது. பிறகு நான் எதைக் கேட்டாலும், "இந்தியாவுல அதுக்குப் பேரு என்னங்க சேர்?" என்று ஒரு பேச்சு.

அந்த வருஷ மழைக்காலத்தில் பெருமாளுக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்தது. விண்ணப்பம் போட்டது பல வருஷத்துக்கு முன்னால், அவருடைய அப்பா. தோட்டத்தில் எல்லாரும் போட்டார்களாம், அவரும் போட்டாராம். இப்போது அப்பா இல்லை, பாஸ்போர்ட் வந்துவிட்டது. போகவேண்டிய கெடுவும் கூடவே வந்தது. அதற்குப் பிறகு தேத்தண்ணி நேரமெல்லாம் என்னிடம் கேள்விதான்.

"கோயம்புத்தூர்ல மல தெரியுமா சேர்?"

"மேற்கே பார்த்தா மலைதான்."

"மழ?"

"வரும். இங்கே மாதிரி இல்லை."

"ஆத்துல தண்ணி?"

"வந்தால் வரும்" என்றேன். அவர் சிரித்துவிட்டு அதற்கு மேல் கேட்கவில்லை.

அவருடைய மனைவி செல்லம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை என் குவார்ட்டர்ஸுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "ஐயா, அங்க யாராச்சும் எங்களப் பாத்து சொந்த ஊரு எதுன்னு கேட்டா என்ன சொல்லணும்?" என்று கேட்டார். நான் கேட்டுத் தொலைத்த அதே கேள்வி. "முசிறின்னு சொல்லுங்க" என்றேன். "முசிறியில எந்தத் தெருன்னு கேட்டா?" என்றார். எனக்கு முசிறி வழியாகப் பஸ்ஸில் போன பழக்கம்கூட இல்லை. என்னுடைய நாட்டைப் பற்றி ஒருவர் என்னிடம் வழி கேட்கிறார். அவரோ அந்த நாட்டின் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருக்கிறார், என்னிடம் இருப்பது போலவே.

எனக்கு இரவில் தூக்கம் கெட்டது. எத்தனை முறை புரட்டிப் பார்த்தாலும் விஷயம் ஒன்றுதான். இந்த மண்ணில் பிறந்தவரை என் நாட்டுக்கு அனுப்புகிறார்கள். என் நாட்டில் பிறந்த என்னை இங்கே குவார்ட்டர்ஸும் சமையல்காரனும் கொடுத்து வைத்திருக்கிறார்கள். அவர் செய்யும் வேலையை நான் மேற்பார்வை பார்க்கிறேன். ஒருநாள் துணிந்து, திட்டத்தின் பெரிய இன்ஜினியரைப் பார்க்கப் போனேன். அவர் யாழ்ப்பாணத்தவர், மரியாதையான, அமைதியான மனிதர். பெருமாள் இல்லாவிட்டால் காற்று வேலை நின்றுவிடும், வேலை முடியும்வரை அவர் இங்கே தங்கியிருக்க அனுமதி கேட்டுத் தாருங்கள் என்றேன்.

"அந்தாள் இல்லாட்டி வேலை நிண்டுபோகும் எண்டு நான் எப்பிடித் தம்பி எழுதுறது? அதுக்குத்தானே உங்களை இந்தியாவிலையிருந்து எடுத்து வச்சிருக்கிறம்?" என்றார்.

அப்படியானால் நான் போய்விடுகிறேன், அவரை வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீங்கள் போனாப்போலை அந்தாளுக்குப் பிரஜாவுரிமை வந்திடுமே? இருந்து தேத்தண்ணியைக் குடியுங்கோ. நல்ல மனம் உங்களுக்கு. ஆனா நீங்கள் போனா ரெண்டு பேரும் இல்லை, அவ்வளவுதான்."

அவர் சொன்னது நியாயம். ஆனால் நான் இங்கே சொல்ல வந்தது அந்த நியாயத்தைப் பற்றி அல்ல. அவர் அப்படிச் சொன்ன கணத்தில் என் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அப்பாடா, போக வேண்டியதில்லை. இந்த வேலை, இந்த மலை, இந்தக் குளிர், என்னைத் தலைவர் என்று சொல்லும் இந்த நாலு பேர், எதையும் விட வேண்டியதில்லை. தேத்தண்ணி ருசியாக இருந்தது. வெளியே வந்து ஜீப்பில் ஏறும்போதுதான் நான் எதற்குச் சந்தோஷப்படுகிறேன் என்று எனக்கே புரிந்தது. ஒரு மனிதர் தன் இடத்தை இழந்துவிட்டார் என்று உறுதியான நேரத்தில், எனக்கு என் இடம் உறுதியானது. என் மூஞ்சியை ஜீப் கண்ணாடியில் பார்க்கப் பிடிக்கவில்லை.

மாத்தளை ஸ்டேஷனோடு தண்டவாளம் முடிந்துவிடுகிறது. அங்கிருந்து கோச்சி ஒரு திசையில்தான் போகும். பெருமாள் போன அன்று பிளாட்பாரம் நிறைய ஆட்கள். பெண்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஓடுகிற கோச்சியோடு போய்விடுவார்கள் போல அழுதார்கள். ஜுனைதீன் நானா ஒரு பார்சல் பாணும் சம்பலும் வாங்கிக் கொடுத்துவிட்டு, யாருக்கும் தெரியாமல் கண்ணைத் துடைத்தார். செல்லம்மா எங்களைப் பார்க்கவேயில்லை. பெருமாள் மட்டும் ஜன்னலில் தலையை நீட்டி வழக்கம்போலச் சிரித்தார். "சேரு இங்க, நான் அங்க. கணக்கு நேராப் போச்சு பாருங்க" என்றார். அவர் அதைக் குத்திச் சொல்லவில்லை. குத்திச் சொல்லியிருந்தால் தேவலை. என் பழைய தொழிற்சாலை மானேஜரிடம் அவரைப் பற்றிச் சொல்லி வைத்திருக்கிறேன் என்று நான் நாலாவது தடவையாகச் சொன்னேன்.

மறுநாள் காலை பெரட்டை ஜுனைதீன் நானா கூப்பிட்டார். பெருமாள் கூப்பிடும் அதே வரிசை, அதே ராகம். எல்லாரும் பதில் சொன்னார்கள். பழக்கத்தில் கடைசியாக "பெருமாள்!" என்றும் கூப்பிட்டுவிட்டார். பதில் இல்லை. பியதாச வால்வின் மேல் கையை வைத்தபடி நின்றார். திறக்கவில்லை. எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள், தலைவன் நான்தானே. "கியா. அரின்ன" என்றேன். போய்விட்டார், திற. எனக்குத் தெரிந்த கொஞ்சச் சிங்களத்தில் அதற்குச் சொற்கள் இருந்தன. அந்தப் பெயரை இனி விட்டுவிடலாமே என்று ஜுனைதீன் நானாவிடம் பிறகு சொன்னேன். "அவர்ட பேர விட்டா எனக்கு வரிச கொழம்பும் சேர்" என்றார். அது பொய் என்று எனக்குத் தெரியும். அவர் விடவில்லை. ஒவ்வொரு காலையும் அவர் கூப்பிட, நான் "கியா" என்று சொல்ல, அப்படித்தான் காற்று திறந்தது.

இந்த வருஷம் விடுப்பில் ஊருக்குப் போனேன். வீட்டில் எல்லாரும் என்னை "சிலோன் இன்ஜினியர்" என்று கொண்டாடினார்கள். தொழிற்சாலைக்குப் போய்ப் பெருமாளைப் பற்றி விசாரித்தேன். "அந்தச் சிலோன்காரனுங்களா?" என்றார் வாட்ச்மேன். அங்கே சிலோன் என்பது எனக்குப் பட்டம், பெருமாளுக்கு வசவு. சூப்பர்வைசர் எனக்குத் தெரிந்தவர்தான். "சர்ட்டிபிகேட் எதுவும் இல்லீங்களே. பேச்சும் ஒரு தினுசா இருக்குது. வார்ப்படப் பக்கம் மண்ணு சுமக்கப் போட்டிருக்கறோமுங்க" என்றார். அவர் ஹைட்ராலிக்ஸ் ஃபிட்டர் என்று சொல்லித்தானே நான் அனுப்பினேன் என்று சண்டை போட்டேன். பார்க்கலாமுங்க என்றார். அந்தப் பார்க்கலாமுக்கு என்ன அர்த்தம் என்று அந்த ஊரில் பிறந்த எனக்குத் தெரியாதா?

பெருமாள் கேட்டுக்கு வந்தார். கரி படிந்த அரைக்கால் சட்டை, இளைத்திருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. தன் கஷ்டம் எதையும் சொல்லவில்லை.

"நம்ம பக்கம் மழயா சேர்?"

"ஊத்துது பெருமாள். ரிவர்ஸ்டன் மலப் பக்கம் பனி மூடியே கெடக்கு. ரத்தோட்டை ரோட்டுல மண்ணு சரிஞ்சு பஸ் போகல்ல."

"எந்த முடக்குல?"

நான் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு அந்த இடத்தை நினைத்துப் பார்த்தார். நான் பிறந்த ஊரில், நான் படித்த பள்ளிக்கூடம் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் நின்றுகொண்டு, அவர் பேச்சை அவரிடமே பேசிக்கொண்டிருந்தேன். போகிறவர்கள் எங்கள் இரண்டு பேரையும் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

"பெரட்டு நடக்குதா சேர்?"

"நடக்குது. உங்க பேரையும் கூப்பிடறாங்க."

உள்ளே மணி அடித்தது. எங்கோ காற்று திறந்து சீறியது. "இங்க யாரும் யாரு பேரையும் கூப்புடுறதில்ல" என்றார். பிறகு, "எப்ப சேர் திரும்பிப் போறீங்க மாத்தளைக்கு?" என்று கேட்டார். ரிட்டர்ன் டிக்கெட் என் சட்டைப் பையில் இருந்தது. வருகிற செவ்வாய்க்கிழமை என்றேன், தரையைப் பார்த்துக்கொண்டு.

"என் பேரு வந்தா யாராச்சும் ஒரு சத்தம் குடுங்க சேர். பியதாச பாவம், வால்வப் புடிச்சிக்கிட்டே நிப்பான்."

இராமேசுவரத்தில் ஏறிய கப்பலில் தாராளமாகக் காலை நீட்டிப் படுக்க இடம் இருந்தது. தலைமன்னாரில் நான் இறங்கியபோது, அதே கப்பலில் ஏறுவதற்காகத் தகரப் பெட்டிகளோடு குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவே வழி கேட்டுக் கேட்டு நடந்தேன். ஒரு பெண் தன் பெட்டியை நகர்த்தி எனக்கு வழி விட்டார்.

வேலைக்குத் திரும்பிய காலையில் நல்ல பனிமூட்டம். கம்பிரஸர் அழுத்தத்துக்கு வந்து நின்றது. ஜுனைதீன் நானா கூப்பிடத் தொடங்கினார், பதில்கள் வந்தன. கடைசியில் "பெருமாள்!" என்றார். பியதாச என் பக்கம் திரும்பி, நான் வழக்கமாகச் சொல்லும் சொல்லுக்காகக் காத்திருந்தார். எனக்கு அது வாயில் வரவில்லை.

"இருக்கேன்" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. பியதாச ஒரு கணம் என்னையே பார்த்துவிட்டு வால்வைத் திறந்தார்.